பழைய ஸ்போர்ட்ஸ் காரா, புதிய மாடலா? பாலக்காட்டு எல்லையில் முதன்முறை வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இருபது இருபத்திரண்டு லட்சம் ரூபாய் சேர்ந்துவிட்டது. அந்தப் பணத்துக்குக் கோவை ஷோரூமில் டர்போ என்ஜின் பொருத்திய புது வண்டி ஒன்று கிடைக்கிறது. திருச்சூர்ப் பக்கத்தில் பழைய கார் விற்கும் யார்டு ஒன்றில் பத்து வருடம் ஓடிய, இரண்டே கதவுள்ள ஜெர்மன் வண்டி ஒன்றும் கிடைக்கிறது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பகுதிகளில் கார் மீது ஆசை வைத்த இளைஞர்கள் பலர் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் நின்றேன். பழைய வண்டியை வாங்கி ஆறு வருடம் வைத்திருந்தேன். அதில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியையும் அது என்னிடம் வாங்கிய பணத்தையும் இரண்டையும் மறக்கவில்லை. அந்த அனுபவத்திலிருந்தும், பிறகு நண்பர்களுக்காகப் பார்க்கப்போன பல வண்டிகளிலிருந்தும் தெரிந்துகொண்டதை, எந்த வரிசையில் செய்தால் ஏமாறாமல் இருக்கலாமோ அந்த வரிசையில் எழுதுகிறேன்.

முதல் படி: பணத்தை இரண்டாகப் பிரியுங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இரண்டு முறை பணம் கொடுக்க வேண்டியிருக்கும். முதல் முறை விற்பவருக்கு, இரண்டாம் முறை ஒர்க் ஷாப்புக்கு. இரண்டாவது பணம் கையில் இல்லாதவர் வண்டியைப் பார்க்கவே போகக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏனென்றால், பார்த்துவிட்டால் மனம் கேட்காது.

காரணம் எளிது. வருடம் ஆக ஆக வண்டியின் விலை குறைகிறது. உதிரி பாகத்தின் விலை குறைவதில்லை. நாற்பத்தைந்து லட்சத்துக்கு விற்ற வண்டி இன்று பதினைந்து லட்சத்துக்குக் கைமாறினாலும், அதன் பிரேக் டிஸ்க் இன்றும் நாற்பத்தைந்து லட்சம் ரூபாய் வண்டியின் பிரேக் டிஸ்க்தான். ஷாக் அப்சார்பரும் அப்படியே, அகலமான டயரும் அப்படியே. முன்னும் பின்னும் வேறு வேறு அளவு டயர் போட்ட வண்டியாக இருந்தால் நான்கையும் இடம் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்யவும் முடியாது.

ஆகவே நான் சொல்லும் கணக்கு இது: வண்டி விலையில் நான்கில் ஒரு பங்கைத் தனியாக வங்கியில் வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு லட்சத்துக்கு வண்டி என்றால் நான்கு லட்சம் தொடாத பணமாக இருக்க வேண்டும். டயர், பிரேக், பேட்டரி, சஸ்பென்ஷன் புஷ், கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஹோஸ், பெல்ட் ஆகியவை முதல் இரண்டு வருடத்துக்குள் ஒவ்வொன்றாகக் கேட்கும். எதுவும் கேட்கவில்லை என்றால் நல்லது. பணம் உங்களிடமே இருக்கும். ஆனால் இருபத்திரண்டு லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிட்டு, ஆறாம் மாதம் கிளட்சுக்காகக் கடன் வாங்கி, எட்டாம் மாதம் வண்டியைப் போர்வை போட்டு மூடி நிறுத்திவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தொகையைத் தனியாக வைக்க முடியாது என்றால் உங்கள் விடை புது வண்டிதான். இதற்கு மேல் படிக்கும்போது ஏழாம் படியை மட்டும் கவனமாகப் படியுங்கள்.

புது வண்டிக்கும் ஒரு இழப்பு உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் வேறுபாடு. இன்சூரன்ஸ் நிறுவனங்கள் வண்டியின் மதிப்பைக் கணக்கிடும் அட்டவணையே ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் 15 விழுக்காட்டையும், நான்காம் வருடத்திலிருந்து ஐந்துக்குள் 50 விழுக்காட்டையும் கழிக்கிறது. பழைய வண்டியில் அந்த இழப்பை முந்தைய உரிமையாளர் ஏற்றுக்கொண்டுவிட்டார். பழைய வண்டியின் உண்மையான கவர்ச்சி இதுதான். அதை நானும் மறுக்கவில்லை.

இரண்டாம் படி: எந்தச் சாலையில் ஓட்டப்போகிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள்

வாளையாரிலிருந்து குதிரான் சுரங்கம் வரை 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தாழ்வான வண்டியை ஓட்டுவது சுகம். ஆனால் நம்மில் யாருடைய வீடும் நெடுஞ்சாலையில் இல்லை. சித்தூர் வட்டத்துக் கிராமச் சாலைகளில் பள்ளிக்கூடத்துக்கு முன் ஒன்று, கோயிலுக்கு முன் ஒன்று, யாரும் சொல்லாமல் ஊரார் போட்டது ஒன்று என்று வேகத்தடைகள் இருக்கின்றன. இரண்டு பேர் உட்கார்ந்த தாழ்வான வண்டி அவற்றில் உரசாமல் போகுமா என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் வீட்டு வாசல் சரிவு அதைவிட முக்கியம். தினமும் இரண்டு முறை அதில்தான் வண்டி ஏறி இறங்கும்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். அதற்காகவே வண்டி வாங்குகிறேன் என்பவரிடம் நான் மறுத்துப் பேசுவதில்லை, ஆனால் வருடத்தில் எத்தனை முறை என்று கேட்பேன். ஆறு முறை என்றால், மீதி நாட்களில் அந்த வண்டி எதற்குப் பயன்படும் என்பதற்கும் விடை வேண்டும். வீட்டில் வேறொரு வண்டி இருப்பவருக்குத்தான் இரண்டு இருக்கை வண்டி பொருந்தும் என்பது என் முடிவு. அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக அதே வண்டிதான் என்றால் நான்கு கதவு வண்டியைப் பாருங்கள்.

மேற்கூரையைத் திறந்து மூடும் வண்டியைப் பற்றித் தனியாக ஒரு சொல். துணிக் கூரையிலிருந்து வழியும் மழைநீர் வெளியேறச் சிறு குழாய்கள் வைத்திருப்பார்கள். இலையும் தூசும் அவற்றை அடைத்துவிட்டால், ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையின் தண்ணீர் கேபினுக்குள் இறங்கி, தரைவிரிப்புக்கு அடியில் தேங்கும். சில மாடல்களில் இருக்கைக்கு அடியிலேயே மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. அது நனைந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

மூன்றாம் படி: யார் பழுது பார்ப்பார் என்று முதலில் கண்டுபிடியுங்கள்

வண்டியைத் தேடும் முன் மெக்கானிக்கைத் தேட வேண்டும். பி.எம்.டபிள்யூ., ஆடி போன்றவற்றுக்குக் கோவையிலும் கொச்சியிலும் கம்பெனி சர்வீஸ் நிலையங்கள் உள்ளன. நமக்குக் கோவை பக்கம். கம்பெனிக்கு வெளியே ஜெர்மன் வண்டிகளை மட்டும் பார்க்கும் தனி ஒர்க் ஷாப்புகளும் கோவையில் இருக்கின்றன. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருப்பதும், பல காலமாகப் பந்தயக் கார் கட்டிப் பழகிய கைகள் அந்த ஊரில் இருப்பதும் எல்லைப்பகுதி மக்களான நமக்குக் கிடைத்த பேறு. நீங்கள் நினைக்கும் மாடலின் பெயரைச் சொல்லி மூன்று இடங்களில் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: கிளட்ச், முன் பிரேக், ஒரு முழு சர்வீஸ் ஆகியவற்றுக்கு எவ்வளவு ஆகும், பாகம் வர எத்தனை நாள் ஆகும்? பதில் சொல்லத் தயங்குகிறவர் அந்த வண்டியைத் திறந்ததில்லை என்று பொருள்.

இந்தியாவிலிருந்து விலகிவிட்ட நிறுவனங்களின் வண்டிகளிலும் இதே கேள்வி. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஃபியட்டின் புன்ட்டோ வகைகள் அதற்கு முன்பே நின்றுவிட்டன. 145 குதிரைத்திறன் கொண்ட அபார்த் புன்ட்டோவை இன்றும் உயிரைப்போல் பார்த்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாகங்களைத் தேடிச் சேர்த்து வைத்திருப்பவர்கள். முதன்முறை வாங்குபவர் அவர்களில் ஒருவரைப் பழக்கப்படுத்திக்கொண்ட பிறகே அந்த வண்டிக்குப் போக வேண்டும்.

நான்காம் படி: இரண்டு மாநிலத்துக் காகிதங்கள்

எல்லையில் இருப்பவர்கள் மிகவும் அலட்சியமாக இருக்கும் இடம் இது. கார் தமிழ்நாட்டுப் பதிவு, வாங்குபவர் கேரள முகவரி, அல்லது மாறி. "பரவாயில்லீங்க, பேர் மாத்தாமயே ஓட்டுங்க, இங்க யாரும் கேக்க மாட்டாங்க" என்று புரோக்கர் சொல்வார். கேட்பார்கள்.

வேறு மாநிலத்துக்கு வண்டி போகிறது என்றால், அது பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 28-ஆம் எண் படிவம் கொடுத்துத் தடையில்லாச் சான்று பெற வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30 ஆகிய படிவங்கள். ஆர்.சி.யில் வங்கிக் கடன் குறிப்பு இருந்தால் 35-ஆம் எண் படிவமும் வங்கியின் கடிதமும் வேண்டும். கடன் அடைத்தாகிவிட்டது என்ற வாய்ச்சொல் போதாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி, வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அந்த மாநிலத்தின் புதிய எண் பெற வேண்டும். அதற்கு 27-ஆம் எண் படிவம். அப்போது புது மாநிலத்தின் சாலை வரியைக் கட்ட வேண்டும். விலை உயர்ந்த வண்டிக்கு அது பெரிய தொகை. பழைய மாநிலத்தில் கட்டிய வாழ்நாள் வரியில் மீதியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம், ஆனால் அது எப்போது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. உங்கள் கணக்கில் அதை வரவாக எழுதாதீர்கள். இதனாலேயே, விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் உங்கள் மாநிலத்தில் பதிவான வண்டியை வாங்குவது பெரும்பாலும் மலிவாக முடியும்.

புதுச்சேரி எண் கொண்ட வண்டியைப் பார்த்தால் இன்னும் கவனம். அங்கே வரி குறைவு என்பதற்காகப் பொய் முகவரியில் பதிவு செய்து கேரளாவில் ஓட்டிய சொகுசு கார்கள் 2017-இல் வழக்கு வரை போயின. வெளிநாட்டிலிருந்து நேரே கொண்டுவந்த வண்டி என்றால் சுங்க ஆவணத்தைக் கண்ணால் பார்க்காமல் பேச்சைத் தொடங்காதீர்கள். 2025 செப்டம்பரில் பூட்டான் வழியாக வந்த வண்டிகளைத் தேடிக் கேரளாவில் சுங்கத்துறை சோதனை நடத்தியபோது, பணம் கொடுத்து வாங்கியவர்களின் வாசலில்தான் அதிகாரிகள் நின்றார்கள்.

எம்-பரிவாகன் என்ற அரசுச் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு நாள், இன்சூரன்ஸ், கடன் குறிப்பு ஆகியவை தெரியும். அபராதங்களையும் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துவிடலாம். 2023 ஜூன் முதல் கேரளச் சாலைகளின் கேமராக்கள் அபராதம் போட்டுவருகின்றன. எல்லை தாண்டி ஓடிய தமிழ்நாட்டு வண்டிகளுக்கும் அதில் விலக்கில்லை.

இன்னும் ஒன்று, ஸ்போர்ட்ஸ் கார்களுக்கே உரியது. என்ஜின் மென்பொருளை மாற்றி எழுதியிருப்பார்கள், புகைக்குழாயை மாற்றியிருப்பார்கள், வண்டியை இன்னும் தாழ்த்தியிருப்பார்கள். தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கு போனதே கேரளத்திலிருந்துதான். இங்கே மோட்டார் வாகனத் துறையினர் அதைக் கடுமையாகப் பார்க்கிறார்கள். பொள்ளாச்சியில் யாரும் கேட்காத சைலன்சர் சத்தம் பாலக்காட்டில் அபராதமாகும். கழற்றிய அசல் பாகங்கள் விற்பவரிடம் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லையென்றால் அவற்றின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

ஐந்தாம் படி: வண்டியைப் பார்ப்பது

காலையில், உங்கள் மெக்கானிக்கோடு போங்கள். இரவிலும் மழையிலும் பார்க்காதீர்கள். நீங்கள் வரும் முன் என்ஜினை ஓட்ட வேண்டாம் என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆகும் விதத்தை உங்களிடமிருந்து மறைக்கிறார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவருக்காகச் சிவப்பு நிற வண்டி ஒன்றைப் பார்க்கப் போனோம். யார்டுக்காரர் அன்பாகப் பேசினார். "டாக்டர் வெச்சிருந்த வண்டிங்க, ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் எடுப்பாருங்க" என்றார். பெயிண்ட் கண்ணாடிபோல் மின்னியது, உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தது. என் மெக்கானிக் ஒன்றும் பேசாமல் ஓட்டுநர் பக்கத்து சீட் பெல்ட்டைப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். எல்லாரும் இழுக்கும் நீளம் கறுப்பாக, சுத்தமாக இருந்தது. அதற்கும் மேல், யாரும் என்றும் இழுக்காத கடைசி ஒரு சாண் நீளத்தில், பெல்ட்டின் நெசவுக்குள் செம்மண் நிறத்தில் ஒரு கோடு. அதைத் தேய்த்த விரலில் மாவுபோல் மண் ஒட்டியது. பிறகு இருக்கையைப் பின்னே தள்ளி, அது நகரும் தண்டவாளத்தின் போல்ட்டுகளைக் காட்டினார், துருவேறி இருந்தன. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஆலுவா, சாலக்குடி பகுதிகளில் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ. சென்னையின் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கியவையும் இந்த வழியாகக் கைமாறுகின்றன. இந்த வண்டி எந்த வெள்ளத்தில் நின்றது என்று எங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. நண்பர் திரும்பி வரும் வழியெல்லாம் பேசவில்லை, அவ்வளவு ஆசைப்பட்டிருந்தார்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுப்பதற்குப் பணம் ஆகாது. எந்த வண்டியானாலும் இதை முதலில் செய்யுங்கள். பிறகு ஸ்டெப்னி வைக்கும் குழி, தரைவிரிப்பின் அடி, ஃப்யூஸ் பெட்டியின் மூலைகள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது. பட்டன் (டயரின் பள்ளங்கள்) ஆழமாக இருந்தாலும் ஆறு வருடம் கடந்த டயரில் வேகமாகப் போகக்கூடாது. இத்தகைய வண்டிகள் நின்றே வயதாகின்றன என்பதால் இது அடிக்கடி நடக்கும். "பத்து வருடத்தில் பதினெட்டாயிரம் கிலோமீட்டர்தான்" என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஓடாத வண்டியில் ரப்பர் இறுகும், பிரேக் காலிப்பர் ஒட்டும், பெட்ரோல் கெட்டுப்போகும். ஒழுங்காகச் சர்வீஸ் செய்து அறுபதாயிரம் ஓடிய வண்டியை நான் அதைவிட மேலாக மதிக்கிறேன்.

பெயிண்ட் தடிமனை அளக்கும் சிறு கருவி மெக்கானிக்கிடம் இருக்கும். கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் நூறு முதல் நூற்றைம்பது மைக்ரான் அளவில் இருக்கும். ஒரு கதவில் மட்டும் முந்நூறைத் தாண்டினால் அங்கே டிங்கரிங் நடந்திருக்கிறது. கதவில் நடந்தது மன்னிக்கத்தக்கது. கூரையைத் தாங்கும் தூணில் நடந்தது மன்னிக்கத்தக்கதல்ல.

வண்டியின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டுப் பாருங்கள். பிழைக் குறி எதுவும் இல்லை என்பது மட்டும் போதாது. நேற்று இரவு அழித்திருக்கலாம். அழித்த வண்டியில் அதன் சுயசோதனைகள் முடிவடையாமல் இருப்பதாக ஸ்கேனர் காட்டும். பல ஜெர்மன் வண்டிகளில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டுமல்லாமல் வேறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் பதிவாகியிருக்கும். இரண்டையும் ஒப்பிடச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: ஓட்டிப் பார்ப்பது

குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் பின்னால் நின்று புகையைப் பார்க்க வேண்டும். நீலப் புகை ஆயில் எரிவது. நிற்காமல் வரும் வெள்ளைப் புகை கூலண்ட் எரிவது. பின் அரை மணி நேரம் ஓட்டுங்கள், கடைசிப் பத்து நிமிடம் ஏ.சி. போட்டு ஒரே இடத்தில் நிறுத்தி வையுங்கள். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும். குளிர்விக்கும் அமைப்பு பலவீனமாக இருந்தால் அங்கேதான் வெப்பம் காட்டும் முள் மேலே ஏறும்.

மேனுவல் கியர் என்றால், நான்காம் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுவதும் அழுத்துங்கள். என்ஜின் சுற்று ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்துவிட்டது. இரண்டு கிளட்சுகளோடு தானாகவே கியர் மாற்றும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் என்றால் ஏற்றத்தில் மெல்ல ஊர்ந்து பாருங்கள், ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள், குலுங்கினால் கவனம். ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. போன்றவற்றில் வந்த ஏழு கியர் உலர் கிளட்ச் வகையில் மெக்காட்ரானிக் எனப்படும் கட்டுப்பாட்டுப் பகுதி பழுதாவது பரவலாக அறியப்பட்டது. அது மாற்றியதற்கு ரசீது இருந்தால் அந்த வண்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை.

ஏழாம் படி: புது வண்டியின் பக்கத்தையும் நேர்மையாகப் பாருங்கள்

2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டர் நீளத்துக்கும் 1200 சி.சி.க்கும் உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 விழுக்காடு. ஒரு லிட்டர் டர்போ என்ஜினும் 120 குதிரைத்திறனும் கொண்ட ஹூண்டாய் ஐ20 என் லைன் முதல் வகையில் வருகிறது. 1.5 லிட்டர், 150 குதிரைத்திறன் ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜி.டி. இரண்டாம் வகை. இவற்றை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்ல முடியாது என்பார்கள், இலக்கணப்படி சரிதான். ஆனால் வால்பாறை மலைப்பாதையில் 150 குதிரைத்திறனை முழுவதும் பயன்படுத்துகிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. வாரண்டி இருக்கிறது, பாகம் இரண்டு நாளில் வருகிறது, இன்சூரன்ஸில் தேய்மானம் கழிக்காத பாதுகாப்பு எளிதில் கிடைக்கிறது. பழைய வண்டிக்கு அது ஐந்து வருடத்துக்குப் பின் கிடைப்பது அரிது.

பெட்ரோலும் ஒரு காரணம். இப்போது பம்புகளில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான வண்டிகள் அதற்கேற்ற பாகங்களோடு வருகின்றன. பத்து வருட வண்டியின் ரப்பர் குழாய்கள் அதை நினைத்துச் செய்தவை அல்ல.

முதன்முறை வாங்குபவர் என்னிடம் கேட்டால் இரண்டுக்கும் நடுவில் உள்ளதைச் சொல்வேன்: இரண்டு மூன்று வருடம் ஓடிய, வாரண்டி மிச்சமுள்ள, உங்கள் மாநிலத்துப் பதிவுள்ள, ஒரே உரிமையாளர் வைத்திருந்த வண்டி. அதை நான்கு வருடம் ஓட்டி, வேகமான வண்டி எதைக் கேட்கும் என்று கையால் பழகிய பிறகு இரண்டு கதவு வண்டிக்குப் போங்கள். ஆனால் பணம் தனியாக இருக்கிறது, வீட்டில் வேறு வண்டி இருக்கிறது, நம்பும் மெக்கானிக் இருக்கிறார், சீட் பெல்ட் சுத்தமாக இருக்கிறது என்றால் தயங்காதீர்கள், பழையதையே வாங்குங்கள். மழை நின்ற மறுநாள் காலை கொல்லங்கோடு சாலையில் நெல்வயல்களுக்கு நடுவே கூரையைத் திறந்து ஓட்டிய அந்த அரை மணி நேரத்துக்கு ஈடான வேறொன்று எனக்குக் கிடைத்ததில்லை.

எட்டாம் படி: பணம் கொடுப்பதும் முதல் வாரமும்

டோக்கன் அட்வான்ஸாகச் சிறு தொகை மட்டும் கொடுங்கள். தடையில்லாச் சான்று கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்பதைக் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். முழுப் பணமும் வங்கி வழியாகவே போகட்டும். இன்சூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்; விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) வண்டியோடு வராது, அது ஆளோடு போகும். உங்கள் பழைய வண்டியை விற்றிருந்தால், உங்களுடைய போனஸுக்கான கடிதத்தை இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் வாங்கி இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் மலைக்கு எடுத்துப் போகாதீர்கள். நேராக ஒர்க் ஷாப்பில் விடுங்கள். என்ஜின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், கூலண்ட், எல்லா ஃபில்டர்கள் என அனைத்தையும், நேற்றுத்தான் மாற்றியதாக விற்றவர் சொல்லியிருந்தாலும், மாற்றுங்கள். வடித்த பழைய ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றி மெக்கானிக்கோடு நின்று பாருங்கள்; உலோகத் துகள் மினுக்குகிறதா என்று தெரிந்துவிடும். அன்றைய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் முதல் வரியாக எழுதி, ரசீதை அதிலேயே ஒட்டிவையுங்கள்.